குணம் பொருந்தவில்லை

மனைவியிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்ட குற்றத்துக்காக அன்று காலை கவின்ராஜின் வங்கிக் கணக்கு பூட்டிக்கொண்டது.

கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த மௌனிகாவைப் பார்த்து வாய் தவறி வந்த கேள்வி. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் அப்படிக் கேட்டதே இல்லை என்பது மௌனிகாவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியும். காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த செவிக்கொக்கி உடனே குரல் கொடுத்தது: "வாடிக்கையாளரே, தங்கள் குணம் பொருந்தவில்லை. பாதுகாப்புக் கருதித் தங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது."

மறுநாள் மௌனிகாவுக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன். சாயங்காலத்துக்குள் பணம் கட்டினால்தான் வால்வு அவளுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். இன்னொரு வால்வு வரும்வரை இந்த இதயம் தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். கவின்ராஜ் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். பணம் இல்லாமல் இல்லை, கொட்டிக் கிடக்கிறது. கை நீட்டினால்தான் எட்டவில்லை.

அதனால்தான் தன்ஷிகாவைக் கூப்பிட்டார்.

தன்ஷிகா ஒரு கதவடைப்பாளர். ஊரில் கணக்கு பூட்டிக்கொண்டால், பணம் காணாமல் போனால், செவிக்கொக்கிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்ததில் மனிதர்கள் மேல் அவளுக்கு மரியாதை என்று ஒன்று மிச்சமில்லை. உலகத்தில் இரண்டே வகை முட்டாள்கள்தான், ஏற்கெனவே ஏமாந்தவர்கள், இனிமேல் ஏமாறப் போகிறவர்கள் என்பது அவள் கட்சி. ஆனால் பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் வராது. கொங்கு நாட்டில் பிறந்தவள், திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவாள்.

குணத்தையே சாவியாக்கிய இந்தக் குணத்திறவு வந்த கதையே ஒரு கூத்து. முதலில் ரகசிய எண் வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் பிள்ளையின் பிறந்த தேதியை வைத்துவிட்டு, பிள்ளையின் பிறந்தநாளை ஊருக்கே பேனர் கட்டிச் சொன்னார்கள். பிறகு கைரேகை. அதைத் திருடர்கள் ரப்பரில் அச்செடுத்தார்கள். பிறகு கண். அதற்கு ஒரு நல்ல புகைப்படம் போதுமானதாக இருந்தது. கடைசியில் யாரோ ஒரு மேதாவி, மனிதனிடம் திருட முடியாத ஒன்று அவன் குணம்தான் என்று கண்டுபிடித்தான். யாரிடம் எப்படிப் பேசுகிறான், எங்கே தயங்குகிறான், கீரைக்காரியிடம் எவ்வளவு பேரம் பேசுகிறான், எதற்கு எரிந்து விழுகிறான், எல்லாவற்றையும் செவிக்கொக்கி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் நேரத்தில், இது அந்த ஆள்தானா என்று வங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். நடுவில் குணம் மாறினாலும் கணக்கைப் பூட்டிவிடும். நடிக்க முடியாது. நடித்தால் நாடி காட்டிக்கொடுக்கும், மூச்சு காட்டிக்கொடுக்கும், தொண்டை இறுகுவது காட்டிக்கொடுக்கும்.

நாடே கொண்டாடியது. திருந்துகிறவன் கதி என்ன ஆகும் என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. குடியை விட்டவன் சம்பளம் எடுக்க முடியாமல் தவித்தான். அப்பாவோடு பேசாமலிருந்த மகன் ஒருநாள் மனமிரங்கிப் பேசப்போய், வீட்டு வாடகை திரும்பி வந்தது. திருந்த விரும்புகிறவர்கள் குணமாற்ற விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கலாம் என்றது வங்கி. எவனுக்குப் பொறுமை? இருந்தபடியே இருந்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தார்கள். உள்ளுக்குள் அது அவர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

தன்ஷிகா கவின்ராஜின் வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது கூடத்து டியூப்லைட். அதில் சிவப்பு எழுத்தில் 'உபயம்: கவின்ராஜ்' என்று இருந்தது. கோயிலுக்கு வாங்கிக் கொடுத்ததில் மிஞ்சிய ஒன்றை வீட்டில் மாட்டிவிட்டாராம். எழுத்தைச் சுரண்டக்கூட மனம் வரவில்லை போலிருக்கிறது.

"வாங்க அம்மிணி. இந்தப் பூட்டை மட்டும் எடுத்து உட்டீங்கன்னாப் போதும். சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டோணும்," என்றார் கவின்ராஜ். முகத்தில் ரத்தம் இல்லை. மௌனிகா சுவரில் சாய்ந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவேற்க முயன்றவளை தன்ஷிகா கையமர்த்தினாள்.

தன் கருவியில் வங்கிப் பதிவைத் திறந்து பார்த்தவளுக்குப் புருவம் ஏறியது.

"ஏனுங்ணா, இன்னைக்குக் காலையில கோயில் திருப்பணிக்குப் பணம் அனுப்புனீங்களா?"

"இல்லீங்களே. காலையில இருந்து ஆஸ்பத்திரியிலதான இருந்தேன்."

"போன வாரம் கல்வெட்டுக்கு?"

"எந்தக் கல்வெட்டு?"

"நீங்க அனுப்பியிருக்கீங்க. குணம் அச்சு அசலாப் பொருந்தியிருக்குது. பூட்டு உங்களுக்குத்தானுங்க. இன்னொரு கவின்ராஜுக்குப் பூட்டே இல்ல, தாராளமா வந்து போயிட்டு இருக்கறாரு."

கவின்ராஜுக்குப் புரியவில்லை. தன்ஷிகா விளக்கினாள். ஒரு வீட்டுக்கு முன்னால் பெரிய கதவு, பூட்டு, காவலுக்கு ஆள் எல்லாம் இருக்கிறது. ஒருத்தன் பின்பக்கம் போய்ச் சின்னதாக ஒரு கதவு வைத்து, தாழ்ப்பாளைத் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி விட்டுவிட்டுப் போகிறான். முன்கதவுப் பூட்டு உடையவே இல்லை, அதனால் வீட்டுக்காரனுக்குச் சந்தேகமே வராது. அதுதான் கொல்லைக்கதவு நிரல். செவிக்கொக்கிக்குள் உட்கார்ந்துகொண்டு முதலில் எதையும் தொடாது. வாரக்கணக்கில் சும்மா கேட்கும். அவர் பேச்சை, பேரத்தை, வசவை எல்லாம் கேட்டுக் கேட்டு இன்னொரு கவின்ராஜைச் செய்து திருடனிடம் கொடுத்துவிடும். அப்புறம் வங்கியில் பேசுவது அந்தக் கவின்ராஜ்தான்.

"சமீபத்துல எதையாவது தொறந்து கேட்டீங்களா? ஓசி ஜோசியம், பரிசு விழுந்திருக்குதுன்னு ஏதாச்சும்?"

"அதெல்லாம் நான் தொடறதில்லீங்க. நான் என்ன ஏமாளியா?" என்று சட்டென்று நிமிர்ந்தவர், கொஞ்சம் யோசித்து இறங்கினார். "ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்துச்சு. குரல் பத்திரிகை. 'மாமா, நீங்க வராம சீர் நடக்காது, வந்துடறேன்னு சொல்லுங்க'ன்னு ஒரு பையன் பேசுனான்."

"யாரு பையன்?"

"அதானுங்க தெரியல."

"தெரியாமயே வந்துடறேன்னு சொன்னீங்களா?"

"பின்னே எப்படிங்க கேக்கறது? நீ யாருன்னு கேட்டு, அவன் பங்காளி வகையறாவா இருந்துபோட்டா? ஒறம்பரையையே மறந்துபோட்டான்னு ஊரே பேசுமுங்க."

தன்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். 'வந்துடறேங்க' என்ற ஒற்றைச் சொல்தான் அனுமதி. அதைச் சொன்ன நொடியில் கதவு திறந்துவிட்டது. இந்த இரண்டு மாதத்தில் மட்டும் இதே காதுகுத்தில் விழுந்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. வாத்தியார் விழுந்திருந்தார், வக்கீல் விழுந்திருந்தார். யார் வீட்டுக் குழந்தை, எந்த மண்டபம் என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை போய்விடும். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"உங்ககிட்ட மட்டும் திருடனுக்கு ஒரு சிரமம் இருந்திருக்குதுங்ணா," என்றாள். "நகல் உங்க மாதிரியேதான் நடக்கோணும். நீங்க யாருக்குமே காசு குடுக்க மாட்டீங்க. அதனால அதுவும் குடுக்கல. ஒருத்தன் கடன் கேக்கற மாதிரி திருடனே கேட்டுப் பாத்திருக்கான், அது திட்டி அனுப்பிப்போட்டுது. கடைசியில பேரு போட்ட கல்வெட்டுன்னு ஒரு பொய்க் கோயிலைக் காட்டுன பின்னாலதான் கை நீண்டிருக்குது. இன்னைக்குச் சாயங்காலம் ராஜகோபுரமாமுங்க. மிச்சம் இருக்கறது மொத்தமும்."

மௌனிகா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

தன்ஷிகா வேலையில் இறங்கினாள். முதல் காரியமாக அவர் காதிலிருந்து செவிக்கொக்கியைக் கழற்றினாள். மௌனிகாவிடம் மூடியுள்ள எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டு இறுக்கி மூடினாள். உள்ளே இருப்பது யாரோடும் பேச முடியாது, அது போதும். வீட்டிலும் பட்டறையிலும் அந்தக் கொக்கியோடு இணைந்திருந்த கருவிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் துண்டிக்கச் சொன்னாள். மௌனிகாவின் கொக்கியைச் சோதித்தாள், அது சுத்தமாக இருந்தது. பையிலிருந்து ஒரு புதுக் கொக்கியை எடுத்தாள்.

"பழசையே அழிச்சுக் கழுவி மறுபடி மாட்டிக்க முடியாதுங்களா? புதுசுன்னா காசு ஆகுமில்ல," என்றார் கவின்ராஜ்.

"அழிச்சு எடுக்கலாமுங்க, அதுக்கு நேரம் ஆகும். அப்பவும் உங்க பழைய பதிவுகள அதுல ஏத்தக் கூடாது. கதவும் கூடவே வந்துரும். நெறையப் பேரு அங்கதான் கோட்டை விடறாங்க. வீட்டை இடிச்சுக் கட்டிப்போட்டு, அதே கொல்லைக்கதவக் கொண்டாந்து மாட்டுவாங்க."

புதுக் கொக்கியைக் கவின்ராஜுக்கு மாட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி கூடத்து ஒலிபெருக்கியோடு இணைத்து வங்கியைக் கூப்பிட்டாள். குணநோக்கி என்ற வங்கி இயந்திரம் பேசியது. வங்கியில் மனிதர்கள் பேசுவதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று.

"தங்கள் புகார் பெறப்பட்டது. ஆனால் கவின்ராஜ் என்ற பெயரில் இருவர் உரிமை கோருகிறார்கள். மற்றவர், தாங்கள்தான் போலி என்று புகார் அளித்துள்ளார். இருவரும் இப்போது பதில் கூறலாம். இன்று மாலை தங்கள் பணத்தை எதற்குச் செலவிட விரும்புகிறீர்கள்?"

"எம்பட சம்சாரத்துக்கு ஆப்பரேசனுங்க," என்றார் கவின்ராஜ். குரல் உடைந்தது. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லீங்க. அவ பொழைச்சாப் போதும்."

அதே குரலில், அதே கரகரப்போடு, கூடத்து ஒலிபெருக்கியிலிருந்து மற்றவர் பேசினார். "வால்வெல்லாம் என்னத்துக்குங்க? படியேறுனா மூச்சு வாங்குதுன்னா ஏறாம இருக்கோணும். ஆஸ்பத்திரிக்காரன் காசு புடுங்கறதுக்கு ஆயிரம் சொல்லுவான். கோபுரத்துக்குக் குடுத்தா கல்லுல பேராச்சும் நிக்கும்."

கவின்ராஜ் பதறிப்போனார். "ஏனுங் அம்மிணி, இந்த மாதிரியெல்லாம் நான் பேசவே இல்லீங்களே."

"போன மாசம் பேசுனீங்க," என்றாள் மௌனிகா. "வார்த்தை மாறல."

குணநோக்கி யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "இரண்டாமவர் குணம் பொருந்துகிறது. முதலாமவர் குணம் பொருந்தவில்லை. மறுவிசாரணைக்கு ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அதன்பின் முதலாமவர் போலி எனக் கருதி நீக்கப்படுவார்."

கவின்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை பெரிய ஆள் இப்படிச் சுருண்டு கிடப்பதைப் பார்க்க தன்ஷிகாவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முப்பது வருஷம் கல்லாக இருந்துவிட்டு, பணம் தேவைப்படுகிற அன்று பார்த்தா மனுஷனாக மாறித் தொலைய வேண்டும்?

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் மூளை வேகமாக ஓடும். ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். ஒருவர் பெருந்தொகை கொடுத்தால் வார்டு வாசலில் பெயர் பொறித்த கருங்கல் வைப்பீர்களா, அந்தத் தொகையை இன்ன நோயாளியின் ஆபரேஷனுக்கு வரவு வைப்பீர்களா என்று கேட்டாள். சரி என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லும்?

திரும்பி வந்து, வங்கிக்குக் கேட்காதபடி கொக்கியைக் கையால் பொத்திக்கொண்டு, கவின்ராஜுக்கு மட்டும் கேட்கிறபடி குனிந்தாள்.

"ஆஸ்பத்திரியில உங்க பேரு கல்லுல வரும். அதுக்குத்தான் காசுன்னு பேசுங்க. எப்பவும் பேசற மாதிரி பேசோணும். அழக் கூடாது. அக்காவுக்காகன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

"அவ முன்னாலயா? எப்படிங்க பேசறது?"

"முப்பது வருசமாப் பேசுனத இன்னொருக்காப் பேசறதுக்கு என்னங்ணா?"

அவள் கையை எடுத்ததும் அவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் கல்லு... கல்லுல பேரு போடுவாங்கன்னா..."

"தொண்டை இறுக்கம் தெரிகிறது," என்றது குணநோக்கி. "இது வாடிக்கையாளரின் இயல்பு அல்ல."

வியர்த்துக் கொட்டியது அவருக்கு. மௌனிகா மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்த டம்ளரைப் பார்த்ததும் கவின்ராஜின் முகம் மாறியது. எப்படி மாறியது என்று பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் தன்ஷிகாவுக்குப் பிடிபடவில்லை.

"நானே இங்க காசு போவுதுன்னு செத்துட்டு இருக்கறேன், நீ தண்ணியத் தூக்கிட்டு வர்றயா? உங்கொப்பன் வீட்டுல இருந்து என்ன கொண்டாந்தே? சீக்கையும் சேத்தித்தான் எந்தலையில கட்டியிருக்கான். போ அக்கட்ட." டம்ளரைத் தட்டிவிட்டார். அது உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. "ஏனுங், கேளுங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் கட்டறேன். இவளுக்காக ஒண்ணும் இல்ல. வார்டு வாசல்ல கருங்கல்லுல எம்பேரு வரோணும், பெரிய எழுத்துல. கோபுரத்துல எழுதுனா அண்ணாந்து பாத்துத்தான் படிக்கோணும், எவன் படிப்பான்? ஆஸ்பத்திரின்னா போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். இவ பொழைச்சாப் பொழைக்கட்டும், போனாப் போகட்டும். கல்லு நிக்கோணும்."

மற்ற கவின்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தது. "என்னங்க இது, நான்தானுங்..."

"குணம் முழுமையாகப் பொருந்துகிறது," என்றது குணநோக்கி. "குணம் சமமாக உள்ள இருவரில் நாடித்துடிப்பு உள்ளவரே வாடிக்கையாளர். நகல் நீக்கப்பட்டது. பழைய அனுமதிகள் யாவும் ரத்து செய்யப்பட்டன. மருத்துவமனைக்குப் பணம் சென்று சேர்ந்தது. தங்கள் உண்மைக்கு நன்றி."

அவ்வளவுதான். கொல்லைக்கதவு அடைபட்டது, வால்வு கிடைத்துவிட்டது. கவின்ராஜ் யார் முகத்தையும் பார்க்காமல், காரை எடுக்கிறேன் என்று முனகிக்கொண்டே வெளியே போனார். இன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

தன்ஷிகா கருவிகளைப் பைக்குள் போட்டாள். இந்த வித்தை நன்றாக வேலை செய்கிறதே, இனி இப்படி மாட்டிக்கொள்கிற எல்லாருக்கும் இதையே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தாள். செய்கிற நல்லதை அவரவர் புத்திக்குத் தகுந்த மாதிரி கெட்டதாக வேஷம் கட்டி அனுப்ப வேண்டியதுதான். வங்கியும் ஒரு முட்டாள், அவ்வளவுதானே.

மௌனிகா துணிப்பையில் மாற்றுச் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடித்தபடியே கேட்டாள்.

"ஏன் கண்ணு, அவரு சொன்னது நடிப்புத்தானுங்களா?"

"நடிப்புத்தானுங்க. நான்தான் பேசச் சொன்னேன்."

"நடிச்சா மெசினு கண்டுபிடிச்சுரும்னு சொல்றாங்களே. மொதல்ல கண்டுபிடிச்சுதே, தொண்டை இறுகுதுன்னு."

தன்ஷிகா பையை மூடினாள். "எப்பவாச்சும் ஒருக்கா ஏமாந்துருமுங்க."

"அப்ப இன்னைக்கு நம்மகிட்ட ஏமாந்த மாதிரி, நாளைக்குத் திருடன்கிட்டயும் ஏமாறுமில்ல? காசு பத்திரம்னு எப்படிச் சொல்றீங்க?" மௌனிகா கோபப்படவில்லை. கடையில் சில்லறை சரியாக இல்லையே என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். "மெசினு நம்பிக்கையானதுன்னா அவரு சொன்னது நெசம். அவரு சொன்னது பொய்யின்னா மெசினு பொய்யி. எதோ ஒண்ணச் சொல்லிப்போட்டுப் போங்க. நான் நாளைக்கு நெஞ்சத் தொறந்துட்டுப் படுக்கோணும்."

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ முட்டாள்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள் தன்ஷிகா. இவளிடம் ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடும். அவர் உங்களைப் பிழைக்க வைக்கத்தான் அப்படிப் பேசினார் என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க ஊரில் உள்ள ஒரே கருவி, இல்லை என்று சற்றுமுன் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கருவியைத்தான் அவள் இத்தனை வருஷமும் நம்பச் சொல்லி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள்.

வாசலில் கார் ஹாரன் ஒலித்தது. கவின்ராஜின் குரல் வந்தது. அவர் காதில் புதுக் கொக்கி கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏ புள்ள, இன்னும் என்ன பண்ணிட்டு இருக்கறே? வண்டியில கரண்டு வீணாப் போவுது. வந்து தொலை."

மௌனிகா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினாள்.

"இப்பப் பேசறது யாருங் கண்ணு?" என்று கேட்டாள்.